ஆய்வுச் சந்தை – 11: எல்லாம் அடங்கும் இதழ்

கடல்மட்ட உயரத்தையும் ஏரோபிக்ஸ் வகுப்பையும் ஒரே ஆய்வுக் கட்டுரையில் சேர்க்க முடியுமா? 2021இல் சேர்த்தார்கள். மலைப்பகுதி நிலநடுக்கமும் கூடைப்பந்து வீரர்களின் உடல்தகுதியும், கடல்நீரின் வெப்பநிலையும் இசைக் கல்வியின் மனநலப் பயனும் என்று இன்னும் பல ஜோடிகள் அதே இதழில் வந்தன. அது முகவரி இல்லாத இதழும் அல்ல; ஸ்ப்ரிங்கர் நேச்சர் வெளியிடும் ‘அரேபியன் ஜர்னல் ஆஃப் ஜியோசயன்சஸ்’. விஷயம் வெளியே தெரிந்ததும் 400க்கும் மேற்பட்ட கட்டுரைகளின் மேல் பதிப்பகம் எச்சரிக்கைக் குறிப்பு போட்டது. அந்த ஆண்டே 44 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

சென்ற வாரம் பார்த்தவை காசு கொடுத்தால் எதையும் அச்சேற்றும் போலி இதழ்கள். அவற்றைக் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். இந்த வாரம் பேசப்போவது பெயரும் இம்பேக்ட் ஃபேக்டரும் உள்ள பல்துறை இதழ்களைப் பற்றி. குறிப்பாக, நீடித்த வளர்ச்சி என்ற தலைப்பில் வருபவை பற்றி.

அந்தத் தலைப்பே பெரிய வாசல்தான். 1987இல் ப்ருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை அதை உலகமெங்கும் பரப்பியது. 2015இல் ஐ.நா. அதை 17 இலக்குகளாகவும் 169 உள் இலக்குகளாகவும் பிரித்துக் கொடுத்தது. வறுமை, பசி, கல்வி, குடிநீர், நகரம், கடல், காடு, நீதி என எல்லாம் அதில் உண்டு. எந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியிலும் ‘இது 12ஆம் இலக்குக்கு உதவும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் நீடித்த வளர்ச்சி ஆய்வு தயார். இப்படி ஒட்டவைத்த வரிகளை இப்போது சர்வசாதாரணமாகப் பார்க்கிறேன்.

ஆனாலும் பல்துறை இதழே வேண்டாம் என்று சொல்ல முடியாது. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய் வற்றிப்போனது ஏன் என்று ஆராயப் புகுந்தால், மழையளவைப் பார்க்க நீரியல் ஆள் வேண்டும். வரத்துக்கால்வாயின் மேல் யார் வீடு கட்டினார்கள் என்பது வருவாய்த்துறை ஆவணத்தில் இருக்கிறது. உள்ளே அடர்ந்துகிடக்கும் சீமைக் கருவேலத்தைப் பற்றித் தாவரவியலாளர் பேச வேண்டும். மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி ஏன் அந்த வேலையை விட்டார் என்பதைச் சாதியும் கூலியும் தெரிந்த ஒருவர்தான் விளக்க முடியும். இவர்கள் எழுதுவதை ஒரே இடத்தில் படிக்க ஓர் இதழ் தேவை. 1997இல் சூழலியலாளர் ஹாலிங் தொடங்கிய, இன்று ‘எக்காலஜி அண்ட் சொசைட்டி’ என்ற பெயரில் வரும் இதழ் இயற்கையையும் சமூகத்தையும் பிரிக்காமல் பார்க்க வந்ததுதான்.

சிக்கல் கட்டுரை வந்து சேர்ந்த பிறகு ஆரம்பிக்கிறது. கண்மாய்க் கட்டுரையை யார் மதிப்பிடுவது? நீரியல் பேராசிரியர் ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் சமூகவியல் பகுதியில் என்ன தவறு இருந்தாலும் தப்பிவிடும். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அது அவர் படித்த படிப்பு அல்ல. துறைக்கு ஒருவராக மூன்று மதிப்பாளர்களைத் தேடிப் பிடிப்பது ஆசிரியர் குழுவின் பொறுப்பு. ஜர்னலின் முகப்பில் ‘நோக்கமும் எல்லையும்’ என்று ஒரு பக்கம் இருக்குமே, அதை விளம்பரம்போல் எழுதிவைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஒரு வாக்குறுதி. இந்தத் துறைகளில் வரும் கட்டுரையைச் சோதிக்க எங்களிடம் ஆள் இருக்கிறது என்பதே அதன் பொருள். ஆள் இல்லாமல் எல்லையை அகட்டுவது அறம் தவறுவதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட எம்டிபிஐ பதிப்பகம், சுற்றுச்சூழலுக்கும் பொதுச் சுகாதாரத்துக்குமாக ஒரு பன்னாட்டு இதழை நடத்துகிறது. 2022இல் மட்டும் அதில் சுமார் 17,000 கட்டுரைகள் வந்தன, நாளொன்றுக்கு நாற்பத்தாறு. கட்டுரைக்கு இரண்டு பேர் என்றாலும் 34,000 மதிப்புரைகள் வேண்டும். நிராகரித்தவை இதில் சேராது. 2023 மார்ச்சில் கிளாரிவேட் நிறுவனம், ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ பட்டியலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியதாக அறிவித்தபோது இதுவும் அவற்றில் ஒன்று. சொன்ன காரணம் மோசடி அல்ல. வெளியாகும் கட்டுரைகள் இதழின் எல்லைக்குப் பொருந்தவில்லை என்பதுதான். இம்பேக்ட் ஃபேக்டர் போனது. அதை நம்பிக் கட்டுரையை வெளியிடப் பணம் கட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

கட்டணம் வாங்குவதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். வாசகர் இலவசமாகப் படிக்க வேண்டுமென்றால் செலவை யாராவது ஏற்க வேண்டும். ஆனால் ஏற்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் வருமானம், நிராகரிக்கும் ஒவ்வொன்றுக்கும் நஷ்டம் என்றிருக்கும் இடத்தில் எல்லைக்கோடு தானாக நகரும். அதற்கு வாகான வழி சிறப்பிதழ். வெளியிலிருந்து ஒரு விருந்தினர் ஆசிரியரை அழைத்து, தலைப்பை அவரிடமே விட்டுவிடுகிறார்கள். அவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் கட்டுரை வாங்கி, தெரிந்தவர்களிடமே மதிப்பீட்டுக்கும் அனுப்புகிறார். 2021ஆம் ஆண்டு விவகாரங்களில், பிரபல விஞ்ஞானிகளின் பெயரில் பொய் மின்னஞ்சல் தொடங்கி விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்த கும்பல்களும் பிடிபட்டன. நம் ஊர்ப் பேராசிரியர்களின் இன்பாக்ஸிலும் ‘விருந்தினர் ஆசிரியராக வாருங்கள்’ என்ற அழைப்புகள் குவிகின்றன. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

இதழின் அறநெறிப் பக்கம் என்றாலே கட்டுரைத் திருட்டு, ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு அனுப்புவது, வேலை செய்யாதவர் பெயரைச் சேர்ப்பது ஆகியவைதான் நினைவுக்கு வரும். (அந்தப் பக்கத்தையே வேறு இதழிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருப்பவர்களும் உண்டு.) அவற்றைத் தடுப்பது அவசியமே. ஆனால் நீடித்த வளர்ச்சி ஆய்வில் இன்னொரு தரப்பும் இருக்கிறது: யாருடைய ஊரை, யாருடைய அறிவைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள். 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்ற ஆய்வாளர்கள், உடன் வந்த காணி பழங்குடியினர் ஒரு செடியின் பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானது. 1995இல் கோவையிலுள்ள ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் தந்தபோது, உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பங்கு போதுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இப்படியொரு செடியைப் பற்றி இன்று கட்டுரை வந்தால், மருந்தியல் மதிப்பாளர் வேதிக்கூறுகளைச் சரிபார்ப்பார். ‘இந்த மக்களிடம் சம்மதம் வாங்கினீர்களா, இதை அச்சிட்டால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?’ என்ற கேள்வி மானிடவியலாளரிடமிருந்துதான் பெரும்பாலும் வரும். அவரிடம் அனுப்பாத இதழ் தன்னைப் பல்துறை இதழ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இங்கே நிலவரம் என்ன? யூஜிசி 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. அடுத்து யூஜிசி-கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டது. எந்த இதழ் நல்லது என்று இனி கல்வி நிறுவனங்களே முடிவு செய்ய வேண்டும். பிஎச்.டி. முடிக்கப் பேப்பர் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022இலேயே எடுத்துவிட்டது. ஆனாலும் ‘எத்தனை ஸ்கோபஸ் பேப்பர்?’ என்ற கேள்வி நேர்முகத் தேர்வுகளில் ஓயவில்லை. பட்டியல் இருந்தபோது பழியைப் பட்டியல்மேல் போடலாம். இப்போது கைடும் துறைத்தலைவரும்தான் பொறுப்பு.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரை அனுப்பும் முன் அந்த இதழில் உங்கள் துறையில் வந்த மூன்று கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே பெறப்பட்ட தேதியும் ஏற்கப்பட்ட தேதியும் அச்சாகியிருக்கும். இடையில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். ஆசிரியர் குழுவில் உங்கள் துறைக்காரர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும், ஒரு திருத்தம்கூடக் கேட்காமல் ஒரே வாரத்தில் ஏற்புக் கடிதமும் பணம் கட்டச் சொல்லி பில்லும் வந்தால், பணம் கட்டாமல் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)