ஸ்கல்லியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ராத்திரி ஒன்பதரை மணி. அடுப்பு மேடையைத் துடைத்து, பாலுக்கு உறை ஊற்றி, மறுநாள் இட்லிக்கு அரைத்த மாவை மூடி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், எனக்கு முன்னாலேயே என் நாத்தனார் பாயை விரித்து டி.வி. முன் உட்கார்ந்திருப்பாள்.

"சீக்கிரம் வாங்க அண்ணி, பாட்டு வந்தாச்சு!"

அந்த விசில் சத்தம் மாதிரியான இசை கேட்டாலே எனக்கு முதுகுத்தண்டு சில்லிடும். "பேயும் பிசாசும் பார்த்துட்டு ராத்திரி அலறாதீங்கடி" என்று முணுமுணுத்தபடி மாமியார் படுக்கப் போய்விடுவார். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. கேபிள் டி.வி. எங்கள் தெருவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இங்கிலீஷ் பாதி புரியும். மீதியை நாங்களே ஊகித்துக்கொள்வோம். என் மடியில் கைக்குழந்தை தூங்கும். அவள் மடியில் ஒரு தலையணை இருக்கும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

நாங்கள் அப்படி விழுந்து விழுந்து பார்த்த தொடர் 'எக்ஸ் ஃபைல்ஸ்'. இருபது வருஷத்துக்கு மேலாக மனசில் வைத்துப் போற்றிய அந்தத் தொடர், 2018-ல் ஒரே ஒரு எபிசோடில் எங்களைக் கைவிட்டது. 'ஒரு டி.வி. கதைக்காக இவ்வளவு வருத்தமா?' என்று நீங்கள் கேட்கலாம். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

டாக்டர் ஸ்கல்லி

தெரியாத சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிஸ் கார்ட்டர் என்பவர் உருவாக்கிய இந்தத் தொடர், அமெரிக்காவில் ஃபாக்ஸ் டெலிவிஷனில் 1993 செப்டம்பர் 10-ம் தேதி ஆரம்பமானது. எஃப்.பி.ஐ. என்ற துப்பறியும் துறையில், விளக்கம் கிடைக்காமல் மூட்டை கட்டிப்போட்ட வழக்குகளை விசாரிக்க இரண்டு பேர். ஒருவன் மல்டர். பேய், பறக்கும் தட்டு, வேற்றுக் கிரக மனிதர்கள் எல்லாவற்றையும் நம்புகிறவன். இன்னொருத்தி டேனா ஸ்கல்லி. டாக்டர். 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கிறவள். மல்டராக டேவிட் டுகோவ்னியும் ஸ்கல்லியாக ஜில்லியன் ஆண்டர்சனும் நடித்தார்கள்.

பொதுவாகப் பேய்க் கதை என்றால் பெண்ணுக்கு என்ன வேலை? மாடிப்படியில் நின்று வீறிட்டு அலறுவது. இல்லாவிட்டால் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு தானே பேயாக வருவது! இவளோ கோட்டும் கால்சட்டையும் போட்டு, டார்ச் விளக்கைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் முதலில் நுழைவாள். பிணத்தை அறுத்துச் சோதித்து, 'இது இன்ன விஷம்' என்று நிதானமாகச் சொல்வாள். 1997-ல் ஆண்டர்சனுக்குச் சிறந்த நடிகைக்கான எம்மி விருது கிடைத்தது. 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கல்லியை அறிந்த, விஞ்ஞானம், பொறியியல் போன்ற துறைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 63 சதவீதம் பேர், 'அவள்தான் எங்களுக்கு முன்மாதிரி' என்று சொல்லியிருக்கிறார்கள்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு சேதி. இரண்டாவது வருஷத் தொடரின்போது ஆண்டர்சன் கர்ப்பமாக இருந்தார். அதைச் சமாளிக்கத்தான், ஸ்கல்லி கடத்தப்படுவதாகக் கதையை மாற்றினார்கள். 1994 செப்டம்பரில் அவருக்கு சிசேரியன் பிரசவம். பத்தே நாளில் படப்பிடிப்புக்கு வந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஸ்கல்லியாக நடித்தார். அந்தக் காட்சியில் அந்தக் களைப்பு நடிப்பு மட்டும்தானா என்று பெற்றவளுக்குத்தான் தெரியும்!

நாத்தனாரின் தலையணை

அந்தக் கடத்தல்தான் பின்னால் வந்த கதைக்கெல்லாம் வேர். கடத்தியவர்கள் ஸ்கல்லிக்குத் தெரியாமலே அவளுடைய கருமுட்டைகளை எடுத்துவிடுகிறார்கள். அவளால் இனித் தாயாக முடியாது. புற்றுநோய் வருகிறது, பிழைக்கிறாள். அந்தக் கருமுட்டையிலிருந்து உருவாக்கப்பட்ட எமிலி என்ற சின்னஞ்சிறு பெண்ணைக் கண்டுபிடித்து, அவளையும் பறிகொடுக்கிறாள். செயற்கை முறைக் கருத்தரிப்புக்கு முயற்சி செய்து, அதுவும் பலிக்கவில்லை.

அதே நாட்களில் என் நாத்தனார் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்ள, பிறந்த வீட்டுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. வளைகாப்புக்குக் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டாலும் வளையல் அடுக்கச் சொல்லமாட்டார்கள். வயிற்றில் ஊசி போட்ட வலி தாங்காமல்தான் அந்தத் தலையணையை அணைத்துக்கொண்டு உட்காருவாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன். டாக்டர் அறைக்குள் அவள் புருஷனும் மாமியாரும் போனார்கள். இவள் வெளியே பெஞ்சில்.

"இன்னிக்கு என்ன ஊசிடி போட்டாங்க?" என்று கேட்டேன்.

"தெரியலை அண்ணி. அவர்கிட்ட சொல்லியிருக்காங்களாம்."

அவள் உடம்பு. அவள் வலி. விவரம் மட்டும் வேறு யாரிடமோ!

எமிலி இறந்துபோகும் எபிசோடு ஓடிய இரவு, நாத்தனார் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "பரவாயில்லை அண்ணி. குழந்தை இல்லாதவளை மலடின்னு சொல்லாம, டாக்டர்னு கூப்பிடற கதை இது ஒண்ணுதான். நாளைக்கு அவ திரும்ப வேலைக்குப் போவா, பாருங்க."

அப்படியே போனாள் ஸ்கல்லி. 2001 மே மாதம், யாரும் எதிர்பாராமல் அவளுக்கு வில்லியம் என்ற ஆண் குழந்தை பிறந்தது. மறு வருஷம், அவன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்து நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு தத்துக் கொடுத்துவிட்டாள். 2002 மே மாதத்தோடு தொடரும் முடிந்தது. நாத்தனார் தம்பதி அதற்குப் பிறகு ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். ஒரு டி.வி. தொடரைப் பார்த்து அந்த முடிவு எடுத்தாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது ஒரு துணையாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு எபிசோடு

2016-ல் தொடர் மறுபடியும் ஆறு எபிசோடுகளாக வந்தது. 2018 ஜனவரி 3-ம் தேதி பதினோராவது வரிசை தொடங்கியது. என் பெண் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். மடியில் கைக்குழந்தையாக இருந்தவள்தான் அவள்! நாத்தனாரைக் கூப்பிட்டு, சுண்டல் தாளித்து வைத்துக்கொண்டு ஆவலோடு உட்கார்ந்தோம்.

கதையில் ஸ்கல்லி வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அதே சமயம் இன்னோர் இடத்தில், தொடர் முழுக்க வில்லனாக வரும் அந்த சிகரெட்காரக் கிழவன், அவளுடைய மேலதிகாரி ஸ்கின்னரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்கிறான். வில்லியமுக்கு மல்டர் தகப்பன் இல்லையாம். விஞ்ஞானத்தைக் கொண்டு ஸ்கல்லியைக் கர்ப்பமாக்கியது தானேயாம்!

பழைய ரசிகர்களுக்கு உடனே ஞாபகம் வந்திருக்கும். 2000-ம் வருஷம் மார்ச்சில் வந்த ஒரு எபிசோடில், சகல நோய்க்கும் மருந்து தருவதாகச் சொல்லி அவளைக் காரில் அழைத்துப் போவான். அவள் தூங்கிவிட்டு, முன்பின் தெரியாத வீட்டில் இரவு உடை மாற்றப்பட்ட நிலையில் கண் விழிப்பாள். அந்த எபிசோடை எழுதியதே, சிகரெட்காரனாக நடித்த வில்லியம் பி. டேவிஸ்தான். பதினேழு வருஷம் கழித்து, அந்த இரவுக்கு இப்படி ஒரு அர்த்தம் கொடுத்தார்கள். புதிய எபிசோடை எழுதி இயக்கியவர் கிரிஸ் கார்ட்டரே.

சுண்டல் தட்டு அப்படியே இருந்தது. நாத்தனார் மெல்லக் கேட்டாள்: "அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா, அண்ணி?"

எங்கள் ஏமாற்றம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடக்கம். வில்லன் கெட்டது செய்வான்; அதற்குத்தானே வில்லன்? ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அக்கிரமத்தைக் கதையில் சொல்லக்கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! அது அவளுக்கு நேர்ந்த கொடுமையாகவே சொல்லப்படவில்லை. 'குழந்தைக்குத் தகப்பன் யார்?' என்ற புதிரின் விடையாக, இரண்டு ஆண்கள் பேசிக்கொள்ளும் ரகசியமாகச் சொன்னார்கள். சம்பந்தப்பட்டவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். எனக்கு அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

"கதைதானே அம்மா?"

என் பெண் எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். "கதைதானே அம்மா? இதுக்கு ஏன் அத்தை முகம் இப்படிப் போச்சு?"

கதைதான். ஆனால் இப்படி நிஜத்திலும் நடந்திருக்கிறதே! அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ஒரு கருத்தரிப்பு டாக்டர், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தன்னை நம்பி வந்த பெண்களுக்கு, அவர்களுக்குத் தெரியாமல் தன் விந்தணுவையே செலுத்தியிருக்கிறார். வளர்ந்துவிட்ட பிள்ளைகள் மரபணுச் சோதனை செய்துகொண்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதைக் குற்றம் என்று சொல்ல அங்கே அப்போது தனிச் சட்டம் இல்லை. விசாரணையில் பொய் சொன்னதை மட்டுமே 2017 டிசம்பரில் அவர் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். சில வாரங்களில் இந்த எபிசோடு வருகிறது! அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது 2019-ல்தான்.

நம் நாட்டிலும் 2021-ம் வருஷச் சட்டப்படி, செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன் விவரம் சொல்லி, எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். ஆகவே, சிகிச்சையில் இருக்கும் சகோதரிகளே, பெஞ்சில் உட்காராதீர்கள், உள்ளே போங்கள். என்ன ஊசி, எதற்கு, யாருடைய அணு, என்ன ஆபத்து என்று நீங்களே கேளுங்கள். காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். புரியாவிட்டால் புரியும்வரை கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

யார்தான் தாய்?

கடைசி எபிசோடிலாவது சரி செய்வார்கள் என்று காத்திருந்தோம். 2018 மார்ச் 21-ம் தேதி அதுவும் வந்தது. வில்லியம் ஒரு பரிசோதனை. தான் அவனைச் சுமந்து பெற்றாலும் அவனுக்குத் தாயாக இருந்ததே இல்லை என்று ஸ்கல்லி தன் வாயாலேயே மல்டரிடம் சொல்கிறாள். அடுத்த மூச்சில், ஐம்பது வயதைக் கடந்த அவள் மறுபடி கர்ப்பம் என்கிறார்கள். ஒரு குழந்தை போனால் இன்னொன்று. கை தவறி உடைந்த கண்ணாடி டம்ளரா, கடையில் வேறு வாங்கி வைக்க? வில்லியமை எடுத்து வளர்த்த தாய் தகப்பனையோ, நடுவில் ஒரு எபிசோடிலேயே சுட்டுக் கொன்றாகிவிட்டது.

"பெத்தவளும் தாய் இல்லையாம். வளர்த்தவளும் செத்தாச்சு. அப்போ யாருதான் அண்ணி தாய்?" என்றாள் நாத்தனார். அவள் குரலில் கோபம் இருந்தது. தத்தெடுத்த பெண்ணுக்கு ஜுரம் வந்த ராத்திரிகளில் ஈரத் துணியை மாற்றி மாற்றி நெற்றியில் போட்டவள் அவள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த வரிசை ஆரம்பிக்குமுன்பே, எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆண்களாகவே இருக்கிறார்களே என்ற பேச்சு 2017-ல் எழுந்தது. அதுவரை வந்த 207 எபிசோடுகளில் இரண்டைத்தான் பெண்கள் இயக்கியிருக்கிறார்கள் என்று ஆண்டர்சனே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு ஹோலி டேல், கரோல் பேங்க்கர் என்ற இரண்டு பெண்கள் ஆளுக்கொரு எபிசோடை இயக்கினார்கள். சில பெண்கள் எழுதவும் செய்தார்கள். ஆனால் ஸ்கல்லியின் வயிற்றைப் பற்றிய முடிவு மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. அந்த வரிசையோடு ஆண்டர்சன் விலகிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஓர் ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் அவள் பெண்ணும் பழைய எபிசோடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கல்லி டார்ச்சைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் போகிறாள்.

"அதைப் பார்க்கவே மாட்டேன்னியே?" என்றேன்.

"2018-ல வந்தவ எனக்கு வேண்டாம் அண்ணி. இவ என்னோட ஸ்கல்லி" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பாமலே கையை ஆட்டினாள். "உஷ்! அம்மா, பேசாதே. முக்கியமான இடம்!"

நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தாள். யார் தாய் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.