ஃபேன் இல்லாத ரூமுக்கு வாடகையா?

சேலத்தில் பிறந்து வளர்ந்தும் ஏற்காட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காதவர் யார் என்று கேட்டால், முதலில் கை தூக்குபவர் எங்கப்பா!

''முப்பது கிலோமீட்டர்ல சொந்த வீடு இருக்கறப்ப, காசு குடுத்து எவனாச்சும் தூங்குவானா?'' என்பது அவர் கட்சி. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் 38 வருஷம் கணக்கு எழுதியவராச்சே!

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், என் போனஸில் சத்தமில்லாமல் ரூம் போட்டுவிட்டேன். ''வீட்டை யாரு பாத்துக்கறது? நீங்க போய்ட்டு வாங்க'' என்று அம்மா கழன்றுகொண்டாள்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏற ஏற, ஜன்னல் காற்று ஜில்லிட்டது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். ஏற்காட்டின் உயரமோ ஏறக்குறைய 1,500 மீட்டர்! வழியெல்லாம் காபிச் செடிகள், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அதில் தொற்றி ஏறும் மிளகுக் கொடிகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காபியைக் கொண்டுவந்த கதையை எடுத்துவிட்டேன். ''காபி கிடக்கட்டும், ரூம் எவ்வளவு?'' என்றார் அப்பா.

சொல்லவில்லை. லாட்ஜில் நுழைந்ததும் விட்டத்தைப் பார்த்தார். ''ஃபேனே இல்ல, இதுக்கு வாடகை வேறயா!''

இருட்டும் நேரத்தில் லேடீஸ் சீட் போனோம். கீழே சேலம் முழுக்க விளக்குகள், யாரோ நெருப்பை வாரி இறைத்த மாதிரி. அப்பா கம்பியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பேசவே இல்லை.

''மண்டி வாசல்ல நின்னு தினம் இந்த மலையப் பாப்பேன்டா. இங்கிருந்து நம்ம ஊரைப் பாக்கணும்னு தோணினதே இல்ல... நம்ம வீடு எங்கடா இருக்கு?''

குத்துமதிப்பாக ஒரு வெளிச்சத்தைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி ரெண்டு கம்பளிக்குள் குறட்டை விட்டவர், காலையில் பில்லைப் பார்த்து அதிர்ந்தார். திட்டு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிய, ''ஏண்டா, மூணு பேர் தங்கினாலும் இதே வாடகைதானா?'' என்றார்.

''ஆமாப்பா.''

''அட மடையா! உங்கம்மாவையும் கூட்டியாந்திருக்கலாமே!''

அடுத்த மாசத்துக்கு லீவு லெட்டர் எழுதியாச்சு. மேனேஜர்தான் மனசு வைக்கணும்!