விருந்தாளிக்கு ஓர் அறை மட்டும்

பள்ளிக் குறும்படப் போட்டிக்காக நீங்களும் மூன்று நண்பர்களும் படம் பிடித்திருக்கிறீர்கள். மொத்தம் 12 ஜிகாபைட். ஜிமெயில் 25 மெகாபைட்டைத் தாண்டினால் இணைப்பை ஏற்காது. வீட்டில் லினக்ஸ் போட்ட கணினி ஒன்று இருக்கிறது. அதையே கோப்புகளை வாங்கி வைக்கும் சர்வராக மாற்றிவிடலாம். ஆனால் அதே கணினியில் அப்பாவின் வருமான வரிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கின்றனவே! நண்பர்கள் தங்கள் கோப்புகளைப் போட வேண்டும். மற்றவை அவர்கள் கண்ணில் படவே கூடாது. எப்படி?

கோப்புப் பரிமாற்றத்திற்கான எஃப்டிபி விதிமுறையை 1971இல் எழுதியவர் அபய் பூஷண். இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவின் எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்தவர். அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் சிலரே என்பதால் எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பியது. 1995இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டபோது, டாட்டு இலோனன் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்யும் எஸ்எஸ்எச் முறையை உருவாக்கினார். இன்று நாம் பயன்படுத்த வேண்டியது அதன் வழியே ஓடும் எஸ்எஃப்டிபி. எஃப்டிபியை மறந்துவிடுங்கள்.

வழியில் ஒட்டுக்கேட்பதை இது தடுக்கும். வீட்டுக்குள் வந்தவரை ஓர் அறையோடு நிறுத்துவது எப்படி? லினக்ஸில் எல்லாக் கோப்புறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. ஒரு கோப்புறையைக் காட்டி, 'உனக்கு இதுதான் வேர்' என்று ஒரு நிரலிடம் சொல்லும் வசதி 1979 முதலே யூனிக்ஸில் உண்டு. வேருக்கு மேலே எதுவும் இல்லை அல்லவா? நண்பர் எத்தனை முறை 'மேலே போ' என்று கட்டளையிட்டாலும் அதே இடத்தில்தான் நிற்பார். ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் இதற்கு நான்கே வரிகள்: விதி யாருக்கு, எந்தக் கோப்புறை வேர், கோப்புப் பரிமாற்றம் தவிர வேறு கட்டளை கூடாது, சுரங்க இணைப்பு கூடாது. கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், நண்பரின் கணக்கு வழியாக உங்கள் வீட்டு ரௌட்டரையும் மற்றக் கருவிகளையும் ஒருவர் எட்டிப்பார்க்கலாம்.

நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தது வேறொரு தவற்றில். நண்பர் எழுதும் கோப்புறைதானே என்று அதை அவர் பெயருக்கே உரிமையாக்கினேன். கடவுச்சொல் சரி, ஆனாலும் இணைப்பு உடனே அறுந்தது. காரணம் சர்வரின் பதிவுக் கோப்பில்தான் இருந்தது. நிர்வாகி அதிகாரத்துடன் ஓடும் சில நிரல்கள், பயனர் பட்டியல் போன்ற முக்கியக் கோப்புகளை வேரிலிருந்துதான் தேடும். வேரே விருந்தாளியின் கையில் இருந்தால், அங்கே பொய்ப் பட்டியல் ஒன்றை வைத்து அந்த நிரல்களை ஏமாற்றலாம். ஆகவே வேர்க் கோப்புறையும் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கோப்புறையும் நிர்வாகிக்கே உரியதாக இருக்க வேண்டும். வேறு யாரும் அவற்றில் எழுதக் கூடாது. இல்லையென்றால் ஓப்பன்எஸ்எஸ்எச் கதவைத் திறக்காது. வேருக்குள் 'வரவு' என்று இன்னொரு கோப்புறை செய்து, அதை மட்டும் நண்பர் பெயருக்குக் கொடுங்கள்.

எழுத இடம் கொடுத்தால் வட்டை நிரப்பவும் முடியும். எனவே அந்தக் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நண்பரின் கணக்கில் நீங்களே நுழைந்து மேலே போகப் பாருங்கள். 'வரவு' மட்டும் தெரிந்தால் சரி. வெளியிலிருந்து அவர்கள் வர, ரௌட்டரில் ஒரு வாயிலைத் திறக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லிவிட்டே திறங்கள். திறந்த சிறிது நேரத்திலேயே முன்பின் தெரியாத கணினிகள் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டத் தொடங்கும். பதிவுக் கோப்பில் நீங்களே பார்க்கலாம். அதனால் முன்கூட்டியே கடவுச்சொல் நுழைவை முடக்கி, நண்பர்களுக்குச் சாவிக் கோப்பு முறையை அமைத்துவிடுங்கள். படம் வந்து சேர்ந்ததும் வாயிலை மூடிவிடுங்கள்.