டிகிரியோடு பி.எட்.: மாடம்பாக்கத்துப் பிள்ளைக்கு எட்டுமா?

பிளஸ் டூ முடித்த பெண் டீச்சராக வேண்டும் என்றால், மாடம்பாக்கத்தில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “முதல்ல டிகிரியை முடி, பி.எட்.டை அப்புறம் பாத்துக்கலாம்.” தாம்பரம் பக்கம் கலைக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் டிகிரி முடிந்துவிடும். பல வீடுகளில் அந்த ‘அப்புறம்’தான் வருவதே இல்லை. ஒரு வருஷப் படிப்பாக இருந்த பி.எட்., 2015-16 முதல் இரண்டு வருஷம் ஆனதில் மொத்தக் கணக்கு ஐந்தாகிவிட்டது. அதற்குள் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடுகிறது.

இரண்டையும் சேர்த்து நான்கே ஆண்டில் முடிக்கும் வழி புதிதல்ல. மைசூரில் 1963-ல் தொடங்கிய மண்டலக் கல்வியியல் நிறுவனம் அந்தக் காலத்திலிருந்தே இதை நடத்துகிறது. தமிழ்நாட்டு மாணவர்களும் சேரலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கு பி.எஸ்சி. பி.எட். உண்டு. 2023-24-ல் தொடங்கிய மத்திய அரசின் ஒருங்கிணைந்த படிப்புக்கான என்.சி.இ.டி. நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

ஒரு வருஷம் மிச்சம் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் அது இரண்டாம்பட்சம். ஆறாம் வகுப்பில் போய் ‘அரை பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்குக் கை தூக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டைவிட மூன்று பெரிதாயிற்றே! அந்தப் பிள்ளையிடம் ‘தப்பு’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவள் ஏன் அப்படி நினைத்தாள் என்று பிடிப்பதற்கு கணிதமும் தெரிய வேண்டும், குழந்தையும் தெரிய வேண்டும். கணிதப் பேராசிரியரிடம் படித்துக்கொண்டிருக்கும்போதே வகுப்பறைக்கும் போய்வருகிற மாணவிக்கு அந்தக் கேள்வியை அவரிடமே கொண்டுபோகும் வாய்ப்பு இருக்கிறது. டிகிரி நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு பி.எட்.டுக்கு வருகிறவளுக்கு அது இல்லை.

சேருமுன் விசாரிக்க வேண்டியவை உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் கல்லூரிக்கு இருந்தால் போதாது, அந்தப் படிப்புக்கே இருக்க வேண்டும். தமிழக அரசு வேலைக்கு அந்தப் பட்டத்தின் இணைத்தன்மையையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு வருஷம் படித்தாலும் ஆசிரியர் தகுதித் தேர்விலிருந்து (டெட்) விலக்கில்லை. பொதுப் பிரிவினர் 150-க்கு 90 எடுத்தாக வேண்டும். பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு தொடக்கப்பள்ளி ஆசிரியராக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மைசூரும் திருவாரூரும் ஹாஸ்டல் ஊர்கள். பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீட்டுக்கு அவை எட்டாது. பக்கத்திலேயே தொடங்கலாமே என்றால், பல துறைகள் உள்ள கல்லூரியில்தான் ஒருங்கிணைந்த படிப்பை நடத்த வேண்டும் என்கிறது விதி. 1856-லிருந்து ஆசிரியர்களை உருவாக்கிவரும் அரசுக் கல்வியியல் கல்லூரி சைதாப்பேட்டையில் இருக்கிறது; கூப்பிடு தூரத்தில் நந்தனம் அரசு கலைக் கல்லூரி. இரண்டையும் சேர்த்து இந்தப் படிப்பைத் தொடங்க அரசு முன்வர வேண்டும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம்.