பாதியில் நின்ற புதுப்பிப்பு

சைக்கிளின் செயின் தேய்ந்துவிட்டால் புதுச் செயின் மாட்டுகிறோம். பல்சக்கரத்தின் பற்களும் தேய்ந்திருந்தால் புதுச் செயின் அதில் பொருந்தாமல் வழுக்கும். "பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றினால்தான் சரிப்படும்" என்பார் கடைக்காரர். ஒன்றைப் புதுப்பிக்கப் போய் இன்னொன்றையும் தொட வேண்டியதாகிறது அல்லவா? கணிப்பொறியின் மென்பொருள்களிலும் இதே கதைதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. வெந்நீர் குளிரும் வேகத்தை வெப்பநிலை உணர்வி மூலம் நொடிக்கு நொடி குறித்துக்கொள்வது அதன் வேலை. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் மாலை, அதன் மென்பொருள்களைப் புதுப்பிக்கக் கட்டளை கொடுத்தேன். பாதி வேலை நடக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. அதில் மாணவர்கள் இரண்டு வாரமாக எடுத்த அளவீடுகள் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. இது என் தவறு.

நடந்ததைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைத் தொடங்கினர். அதே பாணியில் 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதினார். லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் என்னும் உட்கரு மட்டுமே. அதனுடன் மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, நிறுவுவதற்கு ஏற்ற வடிவில் வழங்கும் திட்டங்களில் ஒன்று டெபியன். இதை 1993-இல் இயன் மர்டாக் தொடங்கினார். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12-இல் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. எங்கள் கணிப்பொறியில் இருப்பது அதுதான்.

பொதி என்றால் என்ன? ஒரு மென்பொருளின் கோப்புகளையும், அதற்கு வேறு எந்தெந்தப் பொதிகள் தேவை என்ற குறிப்பையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. இந்தத் தேவைகளைக் கணக்கிட்டு, வேண்டியவற்றை இணையத்திலிருந்து கொண்டுவருவது ஏ.பி.டி. என்னும் நிரல். மூட்டையை அவிழ்த்து உரிய இடத்தில் வைப்பது டி.பி.கே.ஜி. என்னும் நிரல்.

இந்த இரண்டாவது நிரல் வேலை செய்யும் முறை அழகானது. அது முதலில் மூட்டையை அவிழ்க்கும். பிறகு மென்பொருளை அமைக்கும். அவிழ்க்கும்போது பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதுவதில்லை. புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் பக்கத்தில் முழுவதும் எழுதிவிட்டு, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுகிறது. அறிவிப்புப் பலகையில் இருக்கும் தாளை அடித்துத் திருத்தாமல், வேறு தாளில் எழுதி முடித்துவிட்டு, பழையதை எடுத்துப் புதியதைக் குத்துவது போன்றது இது. பெயர் மாற்றம் ஒரே செயலாக நிகழ்வதால், ஒரு கோப்பில் பாதி பழையது பாதி புதியது என்ற நிலை வருவதில்லை. எந்தப் பொதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் அந்நிரல் ஒரு பேரேட்டில் உடனுக்குடன் குறித்துக்கொண்டே போகும்.

மின்சாரம் வந்தது. கணிப்பொறி பழைய கெர்னலைக் கொண்டே எழுந்தது. புதிய கெர்னலின் மூட்டை அவிழ்ந்திருந்தாலும், தொடக்கப் பட்டியலில் அதன் பெயர் ஏறும் கட்டம் இன்னும் வரவில்லை.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமே, சார்" என்றான் உடனிருந்த மாணவன். அளவீடுகளும் சேர்ந்து அழிந்துபோகும் என்றேன். முதல் வேலையாக அவற்றை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

புதுப்பிப்பை மீண்டும் தொடங்கினால், "பூட்டு கிடைக்கவில்லை" என்று திரையில் செய்தி வந்தது. அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அது கூடாது. கோப்பு இருப்பதால் மட்டும் பூட்டு இருப்பதாகாது. ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு நிரல் அதைக் கெர்னல் மூலம் பிடித்து வைத்திருக்கிறது என்பதே பொருள். கோப்பை அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கிவிடும்! கணிப்பொறி எழுந்ததும் தானாகப் புதுப்பிப்புகளைத் தேடும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சில நிமிடங்கள் காத்திருந்தோம், பூட்டு விடுபட்டது.

அடுத்து, அவிழ்ந்து அமைக்கப்படாமல் நிற்கும் பொதிகளையெல்லாம் அமைக்குமாறு டி.பி.கே.ஜி.-க்குக் கட்டளையிட்டோம். பல பொதிகள் ஒழுங்காக அமைந்தன. பிறகு பிழைச் செய்திகள் மளமளவென்று ஓடின. கடைசி வரியில் இரண்டு பொதிகளின் பெயர்கள் இருந்தன. மாணவன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டான். நான் திரையை மேலே நகர்த்தி முதல் பிழையைத் தேடச் சொன்னேன். ஒரு பிழை நேர்ந்தால், அதை நம்பியிருக்கும் மற்றவையும் வரிசையாகத் தோற்கும். கடைசியில் தெரிவது விளைவு. காரணம் மேலே இருக்கும். அங்கே, "சாதனத்தில் இடம் இல்லை" என்று ஒரு வரி இருந்தது.

வன்தட்டிலோ நூறு கிகாபைட்டுக்கு மேல் காலி இடம் இருந்தது! பிறகு ஏன் இந்தச் செய்தி? ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் டி.எஃப். கட்டளையைக் கொடுத்துப் பார்த்தோம். கணிப்பொறி எழுவதற்கு வேண்டிய கோப்புகளுக்கென்று 250 மெகாபைட்டில் தனியாக ஒரு சிறு பிரிவு இருந்தது. அதில் பத்து மெகாபைட்டே மீதி. ஒவ்வொரு கெர்னலுக்கும் அதன் தொடக்கக் கோப்புக்கும் சேர்த்து எழுபது மெகாபைட்டுக்கு மேல் ஆகும். பழைய கெர்னல்கள் மூன்று அங்கே குடியிருந்தன. நான்காவதற்கு இடம் ஏது?

ஆகவே மின்சாரம் நிற்காமல் இருந்திருந்தாலும் இந்தப் புதுப்பிப்பு தோற்றுத்தான் இருக்கும். நாங்கள் அதுவரை திட்டிக்கொண்டிருந்தது தவறான எதிரியை. ஒரு மின்சுற்றில் பல்பு எரியாதபோது, சற்று முன் கழற்றி மாட்டிய கம்பியையே எல்லோரும் சந்தேகிப்பார்கள். மின்கலம் நேற்றே தீர்ந்திருக்கலாம்.

பழைய கெர்னலை நீக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நீக்கிவிட்டால், புதியதும் சரியாக அமையாத நிலையில் கணிப்பொறி மறுமுறை எழாமல் போகலாம். ஓடுவது எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்றில் மிகப் பழையதை மட்டும் அதன் பொதியோடு நீக்கினோம். கோப்புகளைக் கையால் அழிக்கவில்லை. அப்படிச் செய்தால் பேரேடு ஒன்று சொல்லும், வன்தட்டு வேறொன்று சொல்லும்.

அமைக்கும் கட்டளையை மறுபடி கொடுத்தோம். இம்முறை பிழை இல்லை. மீதிப் பொதிகளையும் புதுப்பித்துவிட்டு, பேரேட்டில் குறை ஏதும் உண்டா என்று கேட்டோம். கணிப்பொறி ஒன்றும் சொல்லவில்லை. யூனிக்ஸ் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு மௌனம்தான் நல்ல பதில்.

மணி எட்டரை. கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கினோம். புதிய கெர்னலுடன் எழுந்து, மேசைமேல் ஆறிப்போயிருந்த என் தேநீரில் கிடந்த உணர்வியின் அளவைக் காட்டியது: 29 டிகிரி.