எந்தச் சுவரில் மாட்டுவது?

கோயிலில் அர்ச்சனைக்கு எவ்வளவு என்று போர்டு உண்டு. கடையில் பட்டுப்புடவைக்கு விலைச்சீட்டு உண்டு. அதை நெய்தவருக்கு என்ன கூலி, என்றைக்குத் தருவார்கள், தராவிட்டால் யாரிடம் போவது? அதற்கும் போர்டு வேண்டும் சார், சட்டமே சொல்கிறது!

ஆலைத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் அறிவிப்பு வைக்கணும் என்றது 1936-ம் வருடத்துக் கூலிச் சட்டம். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 50-வது பிரிவு, கூலி விகிதம், பட்டுவாடா தேதி, ஆய்வாளரின் பெயர், முகவரி எல்லாம் கண்ணில் படும்படி வைக்கச் சொல்கிறது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"பாவும் சரிகையும் முதலாளி தர்றார். தறி என் வீட்டுல. போர்டை எந்தச் சுவத்துல மாட்டுவார்? எங்க முருகன் காலண்டர் பக்கத்துலயா?"

நியாயமான கேள்விதான். பேச்சுவாக்கில், "வாங்கின அட்வான்ஸ் தீர்றவரைக்கும் வேற ஆளுக்கு நெய்யக்கூடாதே" என்றார். அப்படிக் கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே தடை செய்துவிட்டது என்றேன்.

தறிச் சத்தம் நின்றது. "நெஜமாவா?"

முதலாளிமார்களே, பாவு கொடுக்கும்போது இதையெல்லாம் எழுதி ஒரு சீட்டும் கொடுங்கள். காலண்டர் பக்கத்தில் அவரே மாட்டிக்கொள்வார்!