மணி பார்த்து விழும் அருவி

அருவி என்றால் இரவு பகல் ஓயாமல் விழுந்துகொண்டிருப்பது என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணமும். இத்தாலி தேசத்தில், உம்பிரியா மாகாணத்திலே, தெர்னி என்ற நகரத்துக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள மார்மோரே அருவியோ மணி பார்த்து விழுகிறது! இன்ன மாதத்தில் இன்ன நாளில் இத்தனை மணிக்குத் தண்ணீர் விடப்படும் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். நேரம் வந்ததும் சங்கு ஊதுகிறது. அது வரையில் பாறையில் சிறு சிறு தாரைகளாகக் கசிந்துகொண்டிருந்த ஜலம் சில நிமிஷங்களுக்குள் வெள்ளைப் பிரவாகமாய்ப் பொங்கி, 165 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று பாய்ச்சலாகக் கீழே இறங்குகிறது. முதற் பாய்ச்சல் மட்டுமே 83 மீட்டர்.

டிக்கெட்டு வாங்கிக்கொண்டு அருவி பார்ப்பதா என்று முகம் சுளிக்கும் நேயர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்த அருவி இயற்கை உண்டாக்கியதே அல்ல. சுமார் ஈராயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன் மனிதர் வெட்டி விட்டது.

மலைக்கு மேலே ரியேத்திச் சமவெளி இருக்கிறது. வெலினோ நதி அங்கே வந்து வடிய வழியில்லாமல் தேங்கிச் சதுப்பு நிலமாகக் கிடந்தது. அந்த நதியின் ஜலத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது படிந்து படிந்து பாறையாக இறுகி, நதி தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டுவிட்டது. பாறைகள் சலவைக்கல்போல் வெளுத்துத் தோன்றுவதனால்தான் மார்மோரே என்ற பெயரும் வந்தது. கி. மு. 271-ல் மானியுஸ் கூரியுஸ் தெந்தாத்துஸ் என்ற ரோமானியத் தலைவன் கால்வாய் ஒன்று வெட்டி, வெலினோவை மலை விளிம்புக்குக் கொண்டுபோய்க் கீழே ஓடும் நேரா நதியில் தள்ளிவிட்டான். பகைவர் பொன்னைக் கொண்டுவந்து நீட்டியபோது, அடுப்பங்கரையில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த நிலையிலேயே அதை வேண்டாமென்று திருப்பியனுப்பியதாக ரோமர்கள் கதை சொன்னார்களே, அந்தக் கூரியுஸ்தான். இப்படிப்பட்டவர்கள் கையில் பொது மராமத்து இருந்த காலம் அது!

மேல் நாட்டார் பிழைத்தார்கள், சதுப்பு நன்செயாயிற்று. ஆனால் மேலே வடிந்த வெள்ளம் எங்கே போகும்? கீழே தெர்னி நகரத்தார் தலையில்தான். இரண்டு ஊருக்கும் மூண்ட வழக்கில், கி. மு. 54-ல், ரியேத்தியின் பக்கம் பேச வந்தவர் யார் தெரியுமோ? சாக்ஷாத் சிஸரோவே!

இதைவிட ருசிகரமான கட்டம் கி. பி. 15-ல் வருகிறது. டைபர் நதியில் வெள்ளம் வந்து ரோமாபுரியே தத்தளித்தது. நேரா நதி டைபரில் போய்ச் சேருவது. ஆகையால் வெலினோவின் வடிகாலை அடைத்துவிட்டால் என்ன என்று செனட் சபையிலே யோசனை எழுந்தது. ரியேத்தி ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். நதிகளுக்கு வழியும் முகத்துவாரமும் வகுத்துக் கொடுத்தது இயற்கையே, அதில் மனிதன் கைவைக்கலாகாது என்று அவர்கள் வாதித்ததாகச் சரித்திராசிரியர் தாஸிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த வழியை மனிதன் வெட்டி 285 வருஷந்தான் ஆகியிருந்தது! பாட்டன் வெட்டிய கால்வாய் பேரன் காலத்தில் பிரம்மாவின் சிருஷ்டியாகிவிடுகிறது. ஒன்றையும் மாற்ற வேண்டாமென்று பிஸோ என்பவர் சொன்ன அபிப்பிராயத்தையே சபை கடைசியில் ஏற்றுக்கொண்டது. ஒன்றும் செய்யாதிருப்பதும் சில சமயங்களில் நல்ல ராஜ்ய நிர்வாகந்தான் போலும்.

சுண்ணாம்பு மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. கால்வாய் தூர்ந்துகொண்டே வந்தது; போப்பாண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த வேலைக்காக வந்த பிரசித்த சிற்பி ஆந்தோனியோ தா ஸாங்கால்லோ 1546-ம் வருஷம் தெர்னியிலேயே காலமானார். 1787-ல் ஆந்திரேயா வீச்சி என்பவர் அருவியின் கீழ்ப் பாய்ச்சலைத் திருத்திய பிறகுதான் அது இன்றைய உருவத்தை அடைந்தது.

பிறகு யந்திரயுகம் வந்தது. 1884-ல் தெர்னியில் எஃகுத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1929-ல் காலெத்தோ மின்சார நிலையம் எழும்பிற்று. வெலினோவின் ஜலத்தில் பெரும்பகுதியைக் குழாய்கள் விழுங்கிக்கொண்டன. அருவிக்கு மிஞ்சியது அட்டவணையில் கண்ட சில மணி நேரமே. அந்தத் தொழிற்சாலைகளே தெர்னிக்கு வினையாகவும் முடிந்தன. 1943-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி முதல் விமானங்கள் பலமுறை குண்டு பொழிந்து நகரத்தைப் பாழாக்கின.

இப்போது வனத்துக்குள் நுழைவோம். கீழ் வாயிலிலிருந்து மேல் வாயிலுக்கு ஓக் மரங்களின் நிழலில் பாதை ஏறுகிறது. படிகள் நூற்றுக்கணக்கில், முழங்கால் வலியுள்ளவர்கள் மேலே வண்டியில் போய்க் கீழ்நோக்கி இறங்குவதே உத்தமம். எங்கு பார்த்தாலும் பாசி, பெரணி, ஈர மண்ணின் வாசனை. நடுவழியில் மலையைக் குடைந்த ஒரு சிறு சுரங்கம். அதன் முடிவில் 'காதலர் மாடம்' என்னும் திண்ணை. அங்கே நின்றால் முதற் பாய்ச்சல் கைக்கெட்டும் தூரத்தில் விழுகிறது. குடை பயனில்லை; ரப்பர் அங்கி இருந்தும் நாம் தொப்பலாக நனைந்தோம். பக்கத்தில் நின்ற சிறுவர்கள் போட்ட கூச்சல் வாயசைவால்தான் தெரிந்ததே தவிரக் காதில் விழவில்லை.

மாடத்தின் பெயருக்குக் கதை உண்டு. நேரா என்னும் வனதேவதை வெலினோ என்ற இடையனைக் காதலித்தாளாம். ஜூனோ தேவி கோபங்கொண்டு அவளை நதியாக்கிவிட்டாள். அவளைச் சேர அவன் மலையுச்சியிலிருந்து குதித்தான். இன்னும் குதித்துக்கொண்டே இருக்கிறானாம். மின்சார நிலையத்தார் அவனுக்கும் நேரம் வைத்துவிட்டார்கள் என்பதை அந்தக் கதை கட்டியவர்கள் அறியார்.

உச்சியில் ஆறாம் பயஸ் போப்பாண்டவர் 1781-ல் கட்டுவித்த சிறு மண்டபம் நிற்கிறது. அருவியை நேருக்கு நேர் பார்ப்பதற்கென்றே அமைந்தது. வெயில் வாய்த்தால் திவலைகளில் வானவில் விழும். ஆங்கிலக் கவி பைரன் இதைக் கண்டு 1818-ல் வெளியான தம் காவியத்தில் பாடியிருக்கிறார். மண்டபத்திலிருந்து பார்த்தால் கீழே நேராவின் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. நேரம் முடிந்ததும் தண்ணீர் நிற்கிறது. முதலில் ஓசை தணிகிறது; பின்பு பாறை கறுத்துத் தெரிகிறது; அதன் பின்னரே இலைகளிலிருந்து சொட்டும் ஒலி காதுக்குக் கேட்கத் தொடங்குகிறது.